'ங்க' இல்லாத அறை

ஸ்க்ரூ டிரைவரைக் காணோம் என்று மாமனார் வீட்டையே தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தார். மருமகள் ஸ்கூட்டர் சாவியை விரலில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"இப்ப எதுக்கு மாமா அது? டூட்டிக்கு நேரமாச்சு."

"ஆஸ்பத்திரியில உங்க ரூம் சுவர்க் கண்ணாடியை இறக்கி மாட்டத்தாம்மா. தினமும் உங்ககிட்ட திட்டு வாங்க முடியல."

"நான் எங்க திட்டினேன்? கொஞ்சம் இறக்கி மாட்டுங்கன்னு சொன்னேன். அவ்வளவுதான்."

"நீங்க சொன்னா அது திட்டினா மாதிரிதான். ஆஸ்பத்திரியே நடுங்குது, நான் எம்மாத்திரம்?"

"அப்பா, பிரிட்ஜுக்கு மேல பாருங்க!" என்று உள்ளறையிலிருந்து மகன் குரல் கொடுத்தான். பள்ளிக்கூடம் மூடியதிலிருந்து அவன் கைபேசிக்கு முன்னால் உட்கார்ந்துதான் கணக்குப் பாடம் நடத்தினான். மைக்கை அணைத்துவிட்டுக் கத்தவேண்டும் என்பது அவனுக்கு இன்னும் பழகவில்லை. "சார், பிரிட்ஜுக்கு மேல என்ன சார்?" என்று கைபேசிக்குள்ளிருந்து ஒரு பிள்ளை கேட்டது.

ஸ்க்ரூ டிரைவர் அங்கேதான் இருந்தது. மாமனார் அதைப் பேனா மாதிரி சட்டைப் பையில் செருகிக்கொண்டு வந்து பின் இருக்கையில் தன்னை மடித்து உட்கார்ந்தார். நல்ல உயரம். உட்கார்ந்தால் முழங்கால்கள் இரண்டு பக்கமும் சிறகு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அவர் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. கேட்டால், "எலும்பு எப்படியெல்லாம் உடையும்னு தினமும் படம் பிடிக்கிறவன்மா நான். எனக்கு எப்படித் துணிச்சல் வரும்?" என்பார்.

அவர்கள் இருவரும் ஒன்றாக அந்த வண்டியில் போனது அன்றைக்குத்தான் கடைசி.

மாமனார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். மருமகள் அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலை செய்கிறவர்களுக்கு நோய் தொற்றாமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. தொற்று பரவ ஆரம்பித்ததும், வயதானவர்கள் லீவு போட்டுக்கொள்ளலாம் என்று மேலே இருந்து சொன்னார்கள். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே பாக்கி இருந்த மாமனார் போடவில்லை. "மெஷினுக்கு என்னைவிட வயசு ஜாஸ்தி. அதுவே லீவு போடல" என்றார். நோயாளிகளைக் கீழே கொண்டுவர முடியாததால் சக்கரம் வைத்த மெஷினைத் தள்ளிக்கொண்டு அவரே வார்டுக்குப் போனார். கவச உடைக்குள் அவரை அடையாளம் காணப் பெயர் எழுதத் தேவையில்லை. உயரமே சொல்லிவிடும். இல்லாவிட்டால் குரல்.

"மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க. ம்ம்... விடுங்க."

தவழ்கிற குழந்தைக்கும் இதையேதான் சொல்வார், 'ங்க' போட்டு. அதனால்தான் ஆஸ்பத்திரியில் அவருக்கு 'மூச்சு மாமா' என்று பெயர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மருமகளையும் வாங்க, போங்க என்றுதான் கூப்பிட்டார். அவளுக்கு அது கூச்சமாக இருந்தது. ஒருமுறை கேட்டேவிட்டாள்.

"சட்டையைக் கழட்டிட்டு, குளிர்ல நடுங்கிக்கிட்டு ஒரு பலகைக்கு முன்னாடி நிக்கிறாங்கம்மா. அவங்களைப் பார்த்து வா, போன்னு சொல்ல மனசு வரல. அங்க பழகின நாக்கு வீட்டுக்கு வந்தா மட்டும் மாறுமா? நீங்க கண்டுக்காதீங்க."

அவள் கண்டுகொள்வதை விட்டுவிட்டாள்.

வார்டுக்கும் நடைக்கும் நடுவே, முன்பு படுக்கை விரிப்புகளை அடுக்கி வைக்கும் அறை ஒன்று இருந்தது. அதைத்தான் கவச உடை கழற்றும் அறையாக அவள் மாற்றியிருந்தாள். தரையில் ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் மூடி போட்ட தொட்டி, கிருமிநாசினிப் புட்டி, முழங்கையால் திறக்கிற குழாய், சுவரில் ஒரு கண்ணாடி. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு ஆள் நிற்கவேண்டும். கழற்றுகிறவர் கையைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அந்த ஆளின் வேலை. வார்டில் அந்த ஆளுக்குக் 'காவல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

உடையைப் போடும்போது எல்லோருக்கும் பயம் இருக்கும், அதனால் கவனமும் இருக்கும். ஆபத்து கழற்றும்போதுதான். உள்ளே வெந்து, வியர்வையில் ஊறி, தாகத்தில் தவித்து வெளியே வருகிறவருக்கு, எப்போது உரித்து எறிவோம் என்றிருக்கும். கை தன்பாட்டுக்கு மூக்கைத் தேடிப் போகும். இதை அவள் சொல்லாத ஆள் கிடையாது.

ஆரம்பத்தில் பெரிய டாக்டரே தப்பு செய்தார். மாஸ்க்கை நாடாவைப் பிடித்துக் கழற்றாமல், முன்பக்கத்தைக் கையால் பற்றி இழுத்தார். அன்றைக்குக் காவல் நின்றவன் ஒரு இளம் டாக்டர். "சார், தப்பா நினைச்சுக்காதீங்க சார், ஒரு சின்ன விஷயம்..." என்று அவன் ஆரம்பித்து முடிப்பதற்குள் மாஸ்க் தொட்டிக்குள் போய்விட்டது. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் அவள் ஒரு விதி கொண்டுவந்தாள். அந்த அறைக்குள் சார் இல்லை, மேடம் இல்லை, அக்கா இல்லை, 'ங்க' இல்லை. தப்பாகக் கை போனால் காவல் சொல்லவேண்டியது ஒரே சொல். நில். கேட்டவர் யாராக இருந்தாலும் சிலையாக நிற்கவேண்டும்.

"நில்லுங்கன்னு சொன்னா என்னம்மா குறைஞ்சுடும்?" என்று பெரிய டாக்டர் கேட்டார்.

"அந்த 'ங்க' போடணும்னு நினைச்ச உடனே முன்னாடி ஒரு 'சார்' வந்துடுது சார். சார் வந்தா பின்னாடியே மன்னிப்பு வருது. மன்னிப்புக் கேட்டு முடிக்கிறதுக்குள்ள கை மூக்குக்குப் போயிடுது."

பெரிய டாக்டர் சிரித்துவிட்டார். "சரி. நில்லு."

"நில்லு இல்ல சார். நில்."

இந்த விதி யாருக்குக் கொண்டாட்டமோ இல்லையோ, வார்டைத் துப்புரவு செய்கிற கணீர் அக்காவுக்குக் கொண்டாட்டம். அவள் குரலுக்காகவே வைத்த பெயர் அது. மாடியில் பேசினால் கீழே மருந்து வாங்குகிறவர் திரும்பிப் பார்ப்பார். பெரிய டாக்டரை முதல்முறை அவள் "நில்!" என்று அதட்டியபோது பக்கத்து வார்டிலும் நாலு பேர் நின்றுவிட்டார்கள். "இத்தனை வருஷமா அவர் ரூம் வாசல்ல நான் நின்னேன். இன்னிக்கு அவரை நிக்க வெச்சேன். எனக்கு இது போதும்பா" என்று டீ குடிக்கிற இடத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

கண்ணாடியை மாட்டிக் கொடுத்தவர் மாமனார். ஆணியடிக்க ஆள் கிடைக்காத நேரம். அவரே துளை போட்டுத் திருகி மாட்டினார். அளவுக்குத் தன் முகத்தை வைத்துக்கொண்டார். அதுதான் தகராறு. அவர் முகம் அழகாக நடுவில் விழும். மற்றவர்களுக்குத் தலையுறை மட்டும்தான் தெரியும். "மூச்சு மாமா, உலகத்துல நீங்க ஒருத்தர்தானா?" என்று நர்ஸுகள் பிடித்துக்கொண்டார்கள். "எல்லாரும் கொஞ்சம் வளருங்கம்மா" என்றார். மருமகள் சொன்னபோது மட்டும், "நாளைக்கு இறக்கிடறேன்" என்றார். அந்த நாளைக்கு வந்துகொண்டே இருந்தது.

வீட்டில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் இதே பேச்சு.

"எல்லாரையும் மிரட்டுறீங்களே, நான் தப்பு பண்ணினா என்ன சொல்வீங்க?" என்று மாமனார் கேட்டார்.

"அதான் ஒரே சொல்தானே மாமா."

"சொல்லுங்க பாப்போம்."

அவள் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். வாயைத் திறந்தாள். "நில்... லுங்க மாமா."

மகன் சிரித்ததில் அவனுக்குப் புரையேறிவிட்டது. "எனக்கு மட்டும் நாள் முழுக்க நில்லு, உட்காரு, நகருன்னு சரளமா வருது. அப்பாகிட்ட பம்முது பாருங்க."

"அந்த வாலை நறுக்குங்கம்மா. இன்னொரு தடவை."

"நில்... ஐயோ, போங்க மாமா! நீங்க முதல்ல என்னை 'வா'ன்னு கூப்பிடுங்க, அப்புறம் நான் சொல்றேன்."

மாமனார் தொண்டையைச் செருமினார். மூக்குக் கண்ணாடியைக் கட்டைவிரல் முட்டியால் மேலே தள்ளிக்கொண்டார். எதையாவது தீவிரமாகச் செய்யப் போகிறார் என்றால் அப்படித்தான் தள்ளுவார். "வா..." என்றார். கொஞ்சம் நிறுத்தினார். "...ங்கம்மா."

அவ்வளவுதான். மூன்று பேரும் சாப்பாட்டை மறந்து சிரித்தார்கள். மேசை ஆடித் தண்ணீர் கொட்டியது. அதைத் துடைத்துவிட்டு எழுந்தவர்கள் அந்தப் பயிற்சியை அப்படியே விட்டுவிட்டார்கள்.

ஸ்க்ரூ டிரைவரோடு போன அன்று, வார்டு நிரம்பி வழிந்தது. மாமனார் கட்டில் கட்டிலாக மெஷினைத் தள்ளினார். ஷிப்டு முடிகிற நேரத்தில் அவர் கழற்றும் அறைக்கு வந்தபோது காவலுக்கு ஆள் இல்லை. கணீர் அக்காவை வேறு வார்டில் கூப்பிட்டிருந்தார்கள். மருமகள்தான் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"அட, பெரிய அதிகாரியே காவலா!" என்றார் உள்ளே இருந்து. "முடிச்சுட்டு உடனே கண்ணாடியை இறக்கிடலாம். இன்னிக்குத் தப்ப முடியாது."

"பேசாம கழட்டுங்க மாமா."

வெளிக் கையுறை. அங்கி. கைக்குக் கிருமிநாசினி. எல்லாம் ஒழுங்காகச் செய்தார். பிறகு தலையின் பின்பக்கம் நாடாவைப் பிடித்து, கண் கவசத்தைக் கழற்றினார். அதை இரண்டு கையாலும் தாங்கித் தொட்டியில் போட்டார். அடுத்தது மறுபடியும் கையைச் சுத்தம் செய்யவேண்டும். அதற்கு முன்னால் கை எதையும் தொடக்கூடாது.

கண் கவசத்துக்கு உள்ளே அவர் தன் மூக்குக் கண்ணாடியைப் போட்டிருந்தார். இத்தனை நேரம் கவசம் அதை அழுத்திப் பிடித்திருந்தது. கவசம் போனதும் அது வியர்வையில் வழுக்கி இறங்கியது. புருவத்திலிருந்து ஒரு சொட்டு கண்ணுக்குள் விழுந்தது. அவர் கை மேலே கிளம்பியது.

அவள் பார்த்துவிட்டாள். கை இடுப்பைத் தாண்டும்போதே பார்த்துவிட்டாள். சொல் தொண்டை வரை வந்தது. அவள் வாயிலிருந்து வந்தது, "மாமா..."

"...கொஞ்சம் நில்..."

கட்டைவிரல் முட்டி மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, அப்படியே கண்ணையும் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு இறங்கியது.

"...லுங்க."

அவருக்கும் புரிந்துவிட்டது. "அடடா" என்றார், பால் பொங்கியதைப் பார்த்தவர் மாதிரி.

அதன் பிறகு செய்யவேண்டியதை எல்லாம் அவள் செய்தாள். ஒன்றும் குறை வைக்கவில்லை. குழாயடியில் குனிய வைத்துக் கண்ணைக் கழுவினாள். பெரிய டாக்டரிடம் அப்போதே சொன்னாள். மாமனாரை வீட்டுக்கு அனுப்பாமல் ஊழியர் விடுதியில் தனி அறையில் தங்க வைத்தார்கள். கதவை மூடும் முன், "கண்ணாடியை நாளைக்கு இறக்கிடறேம்மா" என்றார்.

மகனிடமும் அன்றைக்கே சொல்லிவிட்டாள். சொன்னபோது அவன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். குழாயை மூடாமலே கேட்டான். "அப்பா உன்னை ஏதாவது சொன்னாரா?"

"இல்ல."

"அப்ப நான் சொல்ல என்ன இருக்கு?"

முதலில் ஒன்றும் தெரியவில்லை. விடுதிக்குப் போன் செய்தால் சாப்பாட்டைக் குறை சொன்னார், மகனின் கணக்குப் பாடத்தை அவரும் கேட்பதாகச் சொன்னார். பிறகு ஒருநாள் போனை எடுத்தவர் பேச்சின் நடுவே நிறுத்தி மூச்சு வாங்கினார். அவள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கே அவரை வார்டில் சேர்த்தார்கள்.

அவர் தள்ளிக்கொண்டு போன மெஷினை வேறொரு பெண் தள்ளிக்கொண்டு அவர் கட்டிலுக்கு வந்தாள். புதியவள். பயத்தில் ஒன்றும் சொல்லாமல் படம் எடுக்கப் பார்த்தாள். மாமனார் ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து, "மூச்சை இழுங்கன்னு சொல்லுங்கம்மா. சொல்லாம எடுத்தா படம் கலங்கிடும்" என்றாராம். அந்தப் பெண் சொன்னாள். அவர் இழுத்தார். பிடிக்கத்தான் முடியவில்லை.

காவல் நிற்பதும் ஆட்களைப் பழக்குவதும் போக மிச்ச நேரமெல்லாம் மருமகள் அந்த வார்டின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். அங்கே நிற்க சாதாரண மாஸ்க் போதும். உள்ளே போகத்தான் முழு உடை வேண்டும். அவர் கட்டிலில் முன்னால் சாய்ந்து, தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவளைப் பார்த்தால் கையை உயர்த்துவார்.

ஒரு முற்பகல். உள்ளே இருந்த நர்ஸ் மறுகோடிக் கட்டிலில் ஒருவரைப் புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள். மாமனார் தலைமாட்டில் இருந்த கருவி கத்த ஆரம்பித்தது. அவருடைய ஆக்சிஜன் குழாய் இணைப்பிலிருந்து கழன்று தொங்குவது வெளியிலிருந்தே தெரிந்தது. எழுந்து செருகினால் முடிந்துவிடும். அவ்வளவு சின்ன வேலை. அவர் கை தேடித் தேடித் தவறியது.

மருமகள் கதவைத் திறந்தாள். யோசிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் எல்லோரையும் நடுங்க வைத்தவள், கண் கவசம் இல்லாமல், அங்கி இல்லாமல், கையுறை இல்லாமல் ஒரு காலை அந்த வாசலிலும் போட்டிருந்த சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்தாள்.

மாமனார் நிமிர்ந்தார். தேடுவதை விட்டுவிட்டு, உள்ளங்கையை அவளை நோக்கி நீட்டினார்.

"நில்."

சத்தமாக இல்லை. சத்தம் போட அவரிடம் மூச்சு இல்லை. ஆனால் முழுசாக இருந்தது. முன்னால் ஒரு 'அம்மா' இல்லை, பின்னால் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை.

அவள் நின்றாள். அவளே எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தபடி, சிலையாக நின்றாள். பிறகு காலைப் பின்னால் எடுத்தாள்.

உள்ளே இருந்த நர்ஸ் ஓடிவந்து குழாயைச் செருகினாள். மருமகள் உடை மாற்றும் இடத்துக்கு ஓடினாள். அவசரத்தில் அங்கியின் நாடாவைக் கட்ட வரவில்லை. கணீர் அக்கா வந்து முடிச்சுப் போட்டுவிட்டாள். கண் கவசத்தின் ஓரங்களை விரலால் தடவிப் பார்த்தாள். "பதறாத. மூச்சை விடு. இன்னொரு கையுறை எங்க? போடு" என்று முதல்முறையாக மெதுவாகப் பேசினாள்.

அவள் உள்ளே போனபோது டாக்டர்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். தூங்க வைக்கும் ஊசி போட்டு, தொண்டைக்குள் குழாயை இறக்கியிருந்தார்கள். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் இரண்டு அடுக்கு ரப்பர்.

அவர் பிறகு விழிக்கவில்லை. அவர் அவளிடம் கடைசியாகச் சொன்னது அந்த ஒரு சொல்தான்.

எல்லாம் முடிந்தபின் பெரிய டாக்டர் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "கண்ணைத் தேய்ச்சதுலதான் வந்ததுன்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. லிஃப்ட்ல வந்திருக்கலாம். டீ குடிக்கிற இடத்துல வந்திருக்கலாம். மெஷின் கைப்பிடியில இருந்திருக்கலாம்." அவள் தலையாட்டினாள். நோயாளிகளின் வீட்டாருக்கு அவளே எத்தனையோ முறை சொன்ன ஆறுதல்தான் அது. பொய்யில்லை. ஆனால் கேட்கிறவர் வயிற்றில் அது இறங்காது என்பது, தான் கேட்கும் முறை வந்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

மகன் வெகுநாள் ஒன்றும் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் திறந்தபின் ஒரு மாலை, விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தவன் தலை நிமிராமல் கேட்டான். "நீ சரியா சொல்லியிருந்தா, நின்னிருப்பாரா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவனுக்கும் அது போதுமாக இருந்திருக்கும்.

"நின்னிருப்பார்" என்றாள்.

அவன் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தான். பிறகு அடுத்த தாளை எடுத்தான். அன்றைக்குப் பாத்திரத்தையும் அவனே கழுவினான்.

அவளுக்கு ஆறாதது வேறொன்று. தவழ்கிற குழந்தையிடம்கூட 'ங்க'வை விடாத மனிதர். சாப்பாட்டு மேசையில் விளையாட்டுக்குக் கூட 'வா' என்று சொல்ல வராத நாக்கு. மூச்சு திணறுகிற நேரத்தில், அவளுக்காக, அதை நறுக்கி எறிந்தது. அவள் இளையவள், நல்ல மூச்சுள்ளவள், விதியைக் கொண்டுவந்தவளே அவள்தான். மரியாதை போய்விடுமே என்று அவள் பயப்படவும் இல்லை. பழக்கம், வேறென்ன. அந்தப் பழக்கத்தை உடைக்க அவளுக்கு ஒரு மதிய உணவு முழுக்க நேரம் கிடைத்தது. சிரித்தே கழித்துவிட்டாள்.

விதியில் அவள் ஒன்றைச் சேர்த்தாள். சொந்தக்காரருக்குச் சொந்தக்காரர் காவல் நிற்கக்கூடாது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு மட்டும் கணீர் அக்கா தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொல்வாள். அவள் என்ன தனியாகச் சொன்னாலும் நடையெல்லாம் கேட்கும். ஆனால் இதைச் சொல்லும்போது கேட்பதில்லை.

வார்டிலிருந்து வந்த பையில் அவர் மூக்குக் கண்ணாடியும் கைபேசியும் ஸ்க்ரூ டிரைவரும் இருந்தன. ஸ்க்ரூ டிரைவரை மகன் பிரிட்ஜுக்கு மேலேயே வைத்தான்.

தொற்று அடங்கிவிட்டது. அறை இருக்கிறது. வேறு நோய்களுக்கு அது பயன்படுகிறது. சுவருக்குப் புதிதாக வண்ணம் அடிக்க வந்த ஆட்கள், கண்ணாடியை என்ன செய்வது என்று கேட்டார்கள். "கழட்டுறதுதான் கழட்டுறாங்க, கொஞ்சம் கீழ மாட்டச் சொல்லட்டுமா?" என்று கணீர் அக்கா மருமகளின் முகத்தைப் பார்த்தாள்.

"கழட்ட வேண்டாம்க்கா. அதைச் சுத்தி அடிக்கச் சொல்லுங்க."

அப்படியே அடித்தார்கள். கண்ணாடி அதே உயரத்தில்தான் இருக்கிறது. அவள் எம்பி நின்றால் புருவம் வரை தெரியும்.